பெல் க்ரீக் பாதையில் மூன்றடுக்குக் கேக்

மூன்றாவது மைலில் கம்பிப்பாலம் வந்ததும் ஒடெட் அரம்புரு மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மாடுகள் தாண்டிப் போகாமலிருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பதித்திருக்கும் இடம் அது. முன்சக்கரம் கடகடக்கும், பிறகு பின்சக்கரம். பின்னிருக்கையில் பெட்டிக்குள் வீற்றிருக்கும் கேக்கைத் திரும்பிப் பார்க்காமலே, "அவ்ளோதான்டி செல்லம், தாண்டியாச்சு" என்பாள். அதற்குப் பிறகுதான் மூச்சு விடுவாள்.

மில்ரன் ஊரில் கல்யாணக் கேக் என்றால் ஒடெட்தான். ஆனால் நெவாடாவின் இந்த மூலையில் கல்யாணங்கள் ஊருக்குள் நடப்பதில்லை. இருபது, முப்பது மைல் தள்ளி, மலையடிவாரப் பண்ணைகளில் நடக்கின்றன. போகும் மண்சாலை தகரக் கூரையைப் பிரித்துப் போட்டதுபோல வரிவரியாகக் கிடக்கும். அந்தச் சாலையில் இருபத்திரண்டு வருஷமாக, ஒரு பழைய பிக்கப் டிரக்கில், மணிக்குப் பதினான்கு மைல் வேகத்தில் அவள் கேக் கொண்டுபோகிறாள். ஒவ்வொரு மேட்டுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். ஒன்று 'மாமியார்', ஒன்று 'பல் டாக்டர்'. அடுத்தடுத்து வரும் இரண்டு பள்ளங்களுக்கு 'ஆல்ட்ரிச் பிள்ளைகள்'. பக்கத்து வீட்டு இரட்டையர்கள் அவர்கள். எப்போது குதிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

வேகமாகப் போகத் தெரியாதவள் அல்ல. தொழிலுக்கு வந்த முதல் வருஷம் அவசரப்பட்டு ஒருமுறை விரட்டினாள். போய்ப் பெட்டியைத் திறந்தபோது மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்திருந்தது. கிண்ணத்தில் அள்ளிக் கரண்டியோடு கொடுத்தார்கள். மணப்பெண் அழுதாள். அன்றிலிருந்து பதினான்கு மைல்தான். அப்படிப் போயும் அடியடுக்கின் இடது பக்கத்தில் ஒரு விரிசல் தப்பாமல் விழும். அதைப் பூச ஒரு டப்பா கிரீமும் தட்டைக் கத்தியும் முன்னிருக்கையில் தயாராக இருக்கும்.

இந்த வசந்தத்தில் பழைய டிரக் நடுவழியில் இரண்டுமுறை நின்றது. அவளும் கணவரும் புதிய மாடல் பார்க்கப் போனார்கள். விற்பனைக் கூடத்து கர்ட்டிஸ் மான் நாற்பத்தைந்து வயதுக்காரர். தான் விற்கும் வண்டியை உண்மையாகவே காதலிப்பவர். தரையில் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். "இந்த மாடல்ல பின்னாடி பட்டை ஸ்பிரிங்கே கிடையாது மேடம். எல்லாம் சுருள். ஷாக் அப்சார்பரும் புதுசு. மேகத்து மேல போற மாதிரி இருக்கும்."

"மேகத்துல யாரும் கல்யாணம் பண்ணிக்கிறதில்ல தம்பி. பெல் க்ரீக்ல பண்ணிக்கிறாங்க."

ஒடெட்டின் கணவர் வாலஸ் வைக்கோல் வியாபாரி. சுருள் ஸ்பிரிங் என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் சுருங்கியது. "சுருளா? அது கட்டில் மெத்தைக்கு லாயக்கு. நாலு கட்டு வைக்கோல் ஏத்தினா பின்பக்கம் உக்காந்துடும். இந்த சஸ்பென்ஷனுக்காகத் தனியா கேக்கறாரே, அந்தக் காசுக்கு ரெண்டு பசு வாங்கலாம்."

"பசு மேல கேக் வச்சு ஓட்டிட்டுப் போகவா?" என்றாள் ஒடெட்.

வியாழக்கிழமை காலை அவள் விற்பனைக் கூடத்துக்கு, வண்டியைச் சோதிக்கவென்றே சுட்ட மூன்றடுக்குக் கேக்கோடு வந்து இறங்கினாள். ஓட்டிப் பார்ப்பதென்றால் தார்ச்சாலையில் ஒரு சுற்று என்று நினைத்திருந்த கர்ட்டிஸ் கேக்கைப் பார்த்தார், ஒடெட்டைப் பார்த்தார், ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். பின்னால் வாலஸ் பழைய டிரக்கில் சாட்சிக்கு வந்தார்.

பதினான்கு மைல் வேகம். கம்பிப்பாலம், மாமியார், பல் டாக்டர். இரண்டு மணி நேரம் கழித்து பெல் க்ரீக் பண்ணை வாசலில் நிறுத்திப் பெட்டியைத் திறந்தாள். அடியடுக்கு, இடது பக்கம், அதே விரிசல்.

வாலஸ் இறங்கிவந்து எட்டிப் பார்த்துத் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா! மேகத்துலயும் மேடு பள்ளம் இருக்கு போல!"

ஒடெட்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிரீம் டப்பாவைத் திறந்து விரிசலைப் பூசத் தொடங்கினாள். கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஒவ்வொரு வரியிலயும் ஏறி ஏறி இறங்கறீங்க. பழைய வண்டிக்கு அது சரி. இதுக்கு வேகம் வேணும். வரியோட முதுகுலயே தாவிப் போயிடும். முப்பத்தெட்டுல போங்க."

"முப்பத்தெட்டா! கேக்கை வச்சுக்கிட்டா?"

"விழுந்தா நானே தின்னுடறேன் மேடம். முழுசா."

திரும்பும் வழியில் ஒடெட் இருபது வரை போனாள். வண்டி பல்லைக் கடித்தது. இருபத்தைந்தில் கதவுப் பையிலிருந்த சாவிக்கொத்து துள்ளியது. கர்ட்டிஸ் இரு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். முப்பத்தைந்தைத் தாண்டியதும் சட்டென்று எல்லாம் அடங்கியது. சத்தம் போயிற்று. சாலை அடியில் நழுவியது. ஒடெட் வாய்விட்டுச் சிரித்தாள், ஊஞ்சலில் ஏறிய சிறுமிபோல. பல் டாக்டர் எப்போது வந்து போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் வாலஸின் டிரக் புள்ளியாகி, புழுதிக்குள் கரைந்தது.

மில்ரனில் அவள் பெட்டியைத் திறந்தபோது, பூசிய இடம்கூடப் பூசியபடியே இருந்தது. வாலஸ் வந்து சேருவதற்குள் கர்ட்டிஸ் இரண்டு துண்டு முடித்திருந்தார். "விழாமலே திங்கறியா?" என்று அவருக்கு மூன்றாவதும் வெட்டிக் கொடுத்தாள்.

வாலஸ் கேக்கைச் சுற்றிவந்து பார்த்தார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "கேக்குக்குச் சரி" என்று ஒப்புக்கொண்டார். "வைக்கோலுக்கு என் பட்டை ஸ்பிரிங்தான். பழசை நான் சரிபண்ணி வச்சுக்கறேன்."

"வச்சுக்க. உன் வைக்கோல் கட்டு எதுவும் விரிசல் விட்டு நான் பாத்ததில்ல."

அடுத்த சனிக்கிழமை பெல் க்ரீக்கில் கல்யாணம். ஆடுவதற்காகப் போட்ட பலகைத் தரையின் ஓரத்தில் மேசை வைத்து ஒடெட் கேக்கை நிறுத்தினாள். கிரீம் டப்பாவை இரண்டுமுறை திறந்தாள். பூச ஒன்றும் இல்லாமல் இரண்டுமுறையும் மூடினாள். அக்கார்டியன்காரர் சுருதி பார்த்தார். எப்போதும் இந்த நேரத்தில் வெளிச்சம் இருக்கும்போதே ஊர் சேரவேண்டுமென்று அவள் கிளம்பிவிடுவாள். பண்ணை வாசலைத் தாண்டும்போது முதல் பாட்டு முதுகுப்பக்கம் கேட்கும்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சாவியை எடுத்தாள். மலைமேல் வெயில் இன்னும் நிறைய இருந்தது. ஊருக்கு இப்போது முக்கால் மணி நேரம்தான்.

கூட வந்திருந்த வாலஸ் ஒரு பீப்பாயில் சாய்ந்தபடி, "கிளம்பலாமா?" என்றார்.

ஒடெட் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு, மாவு ஒட்டிய ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்து, அதைச் சுருட்டி வாலஸின் மார்பில் எறிந்தாள். அவர் அதை ஒரு கையால் பிடித்ததும், இன்னொரு கையைப் பற்றிப் பலகைத் தரைக்கு இழுத்தாள்.