ஆணிக்குக் காவலிருந்த நாக்கு

என் அண்ணி இருபத்து மூன்று வருடமாகக் குஷன் பட்டறையில் வேலை செய்கிறார். நாற்காலிக்கும் சோபாவுக்கும் துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிக்கும் வேலை. விளிம்பு அடிப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பட்டறையில் ஆள் கிடையாது. இதை அண்ணன் சொன்னால் பெண்டாட்டி பெருமை என்பார்கள். நான் நாத்தனார், நான் சொன்னால் தாராளமாக நம்பலாம்.

ஒரு சிட்டிகை குட்டி ஆணியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும். வலது கையில் காந்தம் வைத்த சுத்தியல். வாய்க்குள் நாக்கு ஒவ்வோர் ஆணியாகத் திருப்பி, தலைப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி உதட்டுக்குத் தள்ளும். சுத்தியல் உதட்டோரம் வந்து ஆணியை ஒட்டிக்கொண்டு போய்ச் சட்டத்தில் அடித்துவிடும். அடுத்த ஆணி அதற்குள் தயாராக நிற்கும். பட்டறையில் நாக்கை மூன்றாவது கை என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் அண்ணி ஓர் ஆணியைக்கூட விழுங்கியதில்லை.

போன வருடம் வீடியோ அழைப்பில் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. தோளுக்கு மேலே இருக்கவேண்டிய தலை, நான்கு விரல்கடை முன்னால் வந்து நின்றது. வாய் லேசாகத் திறந்தே இருந்தது. கேட்டால், கழுத்துவலிதான், எல்லாருக்கும் உள்ளது என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தெரிந்த இரண்டு மொழியிலும் கழுத்தைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்து அவருக்கு அனுப்பித் தள்ளினேன்.

"உன் மெசேஜையெல்லாம் குனிஞ்சு படிச்சே மிச்சக் கழுத்தும் போயிரும் போல இருக்கு" என்றார்.

தலையணையை மாற்றினார். தைலம் தேய்த்தார். கழுத்துப் பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டார். அதைக் கட்டினால் குனிந்து வேலையைப் பார்க்க முடியவில்லை என்று கழற்றி எறிந்தார். பிறகு வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஒருநாள் சுத்தியல் நழுவி, மெருகு போட்ட நாற்காலிக் காலில் விழுந்து பள்ளம் பறித்தது. மேஸ்திரி சத்தம் போடவில்லை. மூன்று மாதம் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் பஞ்சு வெட்டும் மேசைக்கு வந்துவிடு என்று தன்மையாகவே சொன்னார். சம்பளம் குறையாது, உட்கார்ந்து செய்கிற வேலை. வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அண்ணி அன்று சாப்பிடவில்லை என்று அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று உடற்பயிற்சி சொல்லித்தரும் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே இருந்தது சின்னப் பெண். எப்படி வேலை செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்றிருக்கிறாள். அண்ணி கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டதும் அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாளாம்.

கையைக் கவனிக்கவேண்டியவள் அண்ணியின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணியெல்லாம் துப்பச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசினாள். நடுவில் சட்டென்று கேட்டாள்:

"இப்ப உங்க நாக்கு எங்கம்மா இருக்கு?"

"வாயிலதான். வேற எங்க போகும்?"

"வாயில எந்த இடத்துல?"

அண்ணி யோசித்துப் பார்த்தார். நாக்கு கீழ்ப்பல்லுக்குப் பின்னால் குழிந்து படுத்திருந்தது. ஆணி உள்ளே போய்விடாமல் காவலிருக்கிற அதே இருப்பு. வாயில் ஆணி இல்லை. ஆனால் நாக்குக்கு அது தெரியவில்லை. சாப்பிடுகிற நேரம் போக, டிவி பார்க்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அது காவலுக்கே நின்றிருக்கிறது. நாக்கு கீழே கிடக்க வாய் திறந்துகொள்ள, ஆணியை உதட்டுக்குத் தள்ள முகவாய் முன்னே போக, அதன் பின்னாலேயே தலையும் போயிருக்கிறது.

அந்தப் பெண் நேர்மையானவள். நாக்கு ஒன்றே கழுத்தை நிமிர்த்திவிடும் என்று சொல்லமாட்டேன், சம்பந்தம் இருக்கிறது என்கிறார்கள், இன்னும் முடிவான பேச்சில்லை என்றாள். ஆனால் உங்கள் விஷயத்தில் முயன்று பார்க்கலாம், கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சியை விடக்கூடாது என்றாள். நாக்கு நுனி மேல்வரிசை முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், மீதி நாக்கு அண்ணத்தில் ஒட்டி, உதடு மூடி, மூக்கால் மூச்சு. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாள். வாயில் ஆணி இருந்தால் நாக்கை எப்படி மேலே ஒட்டுவது? அண்ணி ஆணியை ஒரு தட்டில் கொட்டி, அதிலிருந்து எடுத்து அடித்துப் பார்த்தார். பாதி வேகம்கூட வரவில்லை. ஆணி புரண்டு கிடந்தது, தலை எது நுனி எது என்று தேடவேண்டியிருந்தது. ஒரு மாதம் இதிலேயே போயிற்று. விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பதைப்பு.

அண்ணி விடுகிற ஆளில்லை. கீழே கிடந்த வெட்டுப் பஞ்சில் ஒரு கெட்டியான பட்டையை எடுத்து, தோலில் வைத்துத் தைத்து, இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். அதில் ஆணிகளை வரிசையாகக் குத்தினார். நுனி பஞ்சுக்குள், தலை வெளியே. சுத்தியலைக் கொண்டுபோய்த் தொட்டால் ஆணி தலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாக்கு செய்த வேலையைப் பஞ்சு செய்தது. வாய் காலியாயிற்று.

பட்டறையில் கேலிக்குக் குறைவில்லை. புது வளையல் எப்போது வாங்கினீர்கள் என்றார்கள். வாயில் ஆணி இருந்தவரை பட்டறை அமைதியாக இருந்தது, இப்போது யார் காதைப் பொத்திக்கொள்வது என்றார் மேஸ்திரி. அண்ணி நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் நாக்கு எங்கே என்று பார்த்துக்கொள்வாராம். மறந்தால் அந்த ஆணியைப் பிடுங்கித் திரும்ப அடிப்பாராம். காலையும் மாலையும் சுவரில் முதுகு ஒட்டிப் பயிற்சி. வலி அடங்கவில்லை, ஆனால் பின்வாங்க ஆரம்பித்தது. விரல் மரப்பது முதலில் குறைந்தது.

மூன்றாவது மாதக் கடைசியில், கூட்ட அறை ஒன்றுக்குப் பன்னிரண்டு நாற்காலி வந்தது. வளைந்த முதுகு, விளிம்பு முழுக்க ஆணி வேலை. மேஸ்திரி பன்னிரண்டையும் அண்ணியின் வேலைப் பெஞ்சருகே கொண்டுவந்து வைத்தார். அண்ணி மூன்று நாளில் முடித்தார். மேஸ்திரி ஒவ்வொரு விளிம்பிலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். ஓரிடத்திலும் இடறவில்லை.

"சரிம்மா, பெஞ்சு உன்னோடதுதான்" என்றார்.

"அது தெரியும் மேஸ்திரி. ஆசாரியை வரச்சொல்லி நாலு விரல் உசத்திக் கொடுங்க. இவ்வளவு நாள் குனிஞ்சது போதும்."

மறுநாளே ஆசாரி வந்து பெஞ்சின் நான்கு காலுக்கும் கட்டை கொடுத்துப் போனார். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர் தங்களுக்கும் உயர்த்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம்.