சம்பந்தி காய்ச்சிய கொய்யா இலை

எழுபதுகளின் நடுப்பகுதியில், மூதூரில், என் மூத்த மகளின் கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்குப் பல்வலி தொடங்கியது. அப்போது நான் மூதூர் இறங்குதுறையில் வேலை செய்தேன். திருகோணமலையிலிருந்து வரும் லாஞ்சிக்குக் கயிறு பிடித்துக் கட்டுவதும் மூட்டை இறக்குவதும்தான் வேலை. அதிகம் பேசத் தேவையில்லாததால் எனக்கு அது பிடித்திருந்தது. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் கூடினால் எனக்கு வார்த்தை வராது.

ஆனால் அந்தக் கலியாணத்தில் நான் ஒரு வசனம் பேசியாக வேண்டும். எங்கள் ஆட்களில் நிக்காஹ் நேரம் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்வார். கூச்சமுள்ளவர்கள் அந்தப் பொறுப்பைப் பள்ளிவாசல் லெப்பையிடம் கொடுத்துவிடுவதும் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மகள் தாயிடம் சொல்லி அனுப்பினாள்: "வாப்பா அவர்ர வாயாலதான் செல்லணும்." என்னிடம் ஒன்றுமே கேட்காத பிள்ளை. ஓம் என்றுவிட்டேன். துறையில் ஆள் இல்லாத நேரம் கடலைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

வலித்தது கீழ்க் கடைவாய்ப் பல். மனைவி கராம்பு தந்து கடிக்கச் சொன்னா. முதல் நாள் கேட்டது, அடுத்த நாள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடுங்குவார்கள், பிடுங்கினால் வீங்கும், கலியாணம் முடியட்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். லாஞ்சியில் வந்த ஒருவர், எருக்கலைப் பால் ஒரு சொட்டு வைத்தால் பல் தானாகக் கழன்று விழும் என்றார். துறைக்குப் பின்னால் எருக்கலை நின்றது. யாரிடமும் கேட்காமல் இலையை முறித்து, ஒரு சொட்டுக்குப் பதிலாகப் பஞ்சு நிறையப் பால் எடுத்துப் பல்லில் வைத்தேன். அது பல்லோடு நிற்கவில்லை. பல் முரசு, நாக்கு, உதட்டின் உட்புறம் எல்லாம் வெந்துவிட்டது. விடியும்போது ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் சிறுத்து, வாயில் ஒரு விரலும் நுழையவில்லை.

அன்று பின்னேரம் மாப்பிள்ளையின் தகப்பன் இரண்டு பேரோடு தோப்பூரிலிருந்து வந்தார். மறுநாள் காரியங்களைப் பேசி முடிப்பதற்கான வருகை அது. அவர் வயல் செய்கிறவர், வரம்புக்கு வரம்பு கேட்கும்படி கதைப்பவர். நான் துவாயால் கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் தகப்பன் எருக்கலைப் பால் வைத்து வாயைச் சுட்டுக்கொண்டான் என்று ஊர் சிரிக்கும். அந்த வெட்கத்தில் மனைவியையும் வாய் திறக்க வேண்டாமென்று சைகை காட்டியிருந்தேன்.

"என்ன சம்பந்தி, நாளைக்கு நீங்கதானே செல்லித் தாற?" என்று கேட்டார்.

தலை குனிந்தேன். மறுபடி கேட்டார். கையை நீட்டி லெப்பை வீட்டுப் பக்கம் காட்டினேன். அவருடைய முகம் மாறியது. பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். கூட வந்தவர்களில் ஒருவர் வேலிப் படலையடியில் நின்று, எங்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "மகளத் தர மனமில்லாத ஆளுக்கு எப்புடி வாய் வரும்?"

உள்ளே இருந்த மகளுக்கும் அது கேட்டது. கராம்புப் போத்தலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, சமையலுக்குப் பெண்கள் வந்து கூடிய நேரம், சம்பந்தி தனியே சைக்கிளில் வந்து இறங்கினார். மனைவி ஓடிப்போய்க் கதிரைக்கு வெள்ளைத் துணி விரித்தா. அவர் உட்காரவில்லை.

"மனசில குறை இருந்தா இப்பவே செல்லுங்க. நிக்காஹ் முடிஞ்ச பிறகு செல்லி வேலையில்ல."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. துவாயை எடுத்தேன். திறந்த மட்டும் வாயைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"யா அல்லாஹ், எருக்கலையா வெச்ச?"

தலையாட்டினேன். அவர் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இரவு முழுக்க உங்கள ஏசின வாய் எனக்கு இன்னும் நோகுது மனிசா!" பிறகு என் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தி, தன் வாயைத் திறந்து விரலால் கன்னத்தை ஒதுக்கினார். உள்ளே இரண்டு பல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. "நானும் வெச்சவன்தான். வெளிய செல்லிராதீங்க."

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேரே குசினிக்குப் போனார். கலியாண நாளில் மாப்பிள்ளையின் தகப்பன் பெண் வீட்டுக் குசினியை எட்டியும் பார்ப்பதில்லை. பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். என் மனைவியின் மூத்த சகோதரி ராத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளட வாப்பாவ அடுப்படியில விட்ட எண்டு ஊர் எங்களத்தான் ஏசும்."

"ஊரையும் கூப்பிடுங்க ராத்தா. அதுக்கும் ரெண்டு முடறு குடுப்பம்" என்றார் அவர், அடுப்பை ஊதிக்கொண்டே.

வேலியோரக் கொய்யாவில் கொழுந்து இலை பறித்து, உப்புப் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறும் வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். அதற்கு முன், வெந்த புண்ணுக்கென்று கெட்டித் தேங்காய்ப்பாலை வாயில் வைத்திருக்கச் சொன்னார். பிறகு வளவின் பின்பக்கம் என்னைக் கூட்டிப்போய்க் கொப்பளிக்க வைத்தார். ஒவ்வொரு தடவை துப்பிய பிறகும் கையை நீட்டினார். "பிடிங்க. இப்ப நான்தான் மாப்பிள்ள. செல்லுங்க பாப்பம்."

முதலில் வெறும் முனகல்தான் வந்தது. நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது நோவும் வீக்கமும் அப்படியே இருந்தன. ஆனால் தாடை கொஞ்சம் இளகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, குளித்து உடுத்து மாப்பிள்ளையோடு வருவதற்காகப் போனார்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். "என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து" என்பது வரை ஒருவாறு வந்தது. அதற்கு மேல் தாடை பிடித்துக்கொண்டது. சபை முழுவதும் என்னைப் பார்த்தது. லெப்பை எனக்காகச் சொல்ல முன்னே சாய்ந்தார். மகனின் பின்னால் இருந்த சம்பந்தி லெப்பையின் தோளில் மெல்லக் கை வைத்தார். "பொறுங்க லெப்பை. அவர் செல்லுவார்."

எல்லாரும் பொறுத்தார்கள். "தந்தேன்" என்றேன். திரைக்குப் பின்னால் என் மகள் விம்மியது கேட்டது.

கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் லாஞ்சி ஏறித் திருகோணமலை ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கினேன். கொய்யா இலை நோவைக் கொஞ்சம் ஆற்றும், சொத்தையை ஆற்றாது, எருக்கலைப் பாலோ நஞ்சு என்று டொக்டர் ஏசினார். அந்த ஏச்சில் பாதியை, வெளியே வாங்கில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்த சம்பந்திக்கும் சொன்னேன்.

இன்றும் எனக்குச் சபையில் கதைக்க ஏலாது. ஆனால் எங்கேயாவது நோகிறது என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறந்து சொல்லிவிடுகிறேன், என் மௌனத்தைக் கோபமென்று நினைத்து இன்னொருவர் ஓர் இரவு நித்திரை இழக்க வேண்டாம் என்று.