என்ஜின் கெடாத வண்டி

கட்டபெட்டில் தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குச் சொந்தத் தராசோடு வருகிற ஒரே ஆள் தங்கமணிதான். ஏஜெண்ட் போட்ட எடையை எல்லோர் முன்னாலும் தன் கொக்கித் தராசில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்த பிறகே மூட்டையை விடுவார். இரண்டு எடையும் ஒன்றாக இருந்தால் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

அன்னூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவர். வந்த புதிதில் மழைக்காலம் முழுவதும் ஒரு ஏஜெண்ட் ஈரக் கழிவு என்று சொல்லிக் கொழுந்தில் கால்வாசியை அடித்துக்கொண்டிருந்தான் என்பது பின்னால் தெரியவந்தது. அன்றிலிருந்து யாரையும் நம்புவதில்லை என்று அவரே சொல்வார். கணவர் சுப்பண்ணன் அதற்கு நேர் எதிர். தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கணக்கு வேலை பார்த்தார். அதிர்ந்து பேசமாட்டார். யார் எது சொன்னாலும் சரி என்பார். அவர் நெஞ்சுவலியில் இறந்தபோது மயானத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து, இத்தனை பேருக்கு இவர் என்ன செய்தார் என்றுகூடத் தங்கமணிக்கு ஒரு கேள்வி எழுந்தது.

சுப்பண்ணன் விட்டுப்போனவற்றில் ஒன்று வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்த பழைய மாரிஸ் மைனர் கார். ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத்து ஆளிடம் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. மகள் தாரிணி ஆறாவது படிக்கும்போது என்ஜின் போய்விட்டது என்று சொல்லிக் கொட்டகையில் தள்ளி, மேலே தார்ப்பாய் போட்டார். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. பழைய இரும்புக்காரர்கள் எத்தனையோ பேர் கேட்டார்கள், கொடுக்கவும் இல்லை. காலப்போக்கில் தார்ப்பாய் கிழிந்தது, தரைத் தகடு இற்றுப்போய் வண்டிக்குள்ளேயே பெரணிச் செடி முளைத்தது.

போன வருடம் பனி விழத் தொடங்கிய சமயத்தில் பிராங்ளின் என்று ஒருவர் வந்து வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். லவ்டேலில் குடியிருப்பதாகவும், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்றும் சொன்னார். அவரிடமும் இதே மாதிரி ஒரு மாரிஸ் இருக்கிறதாம். அதை ஓட வைக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது கொட்டகைச் சந்தில் இந்த வண்டியின் மூக்கைப் பார்த்தாராம். வண்டி முழுசாக வேண்டாம், உதவுகிற பாகங்களை மட்டும் கழற்றிக்கொள்கிறேன், நியாயமான விலை தருகிறேன் என்றார்.

ஓடும் பஸ்ஸிலிருந்து ஒரு மனிதன் இவ்வளவைப் பார்க்க முடியுமா என்பதுதான் தங்கமணியின் முதல் யோசனை. மறுநாள் காலை அவரே பஸ் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த வளைவைக் கடந்து பார்த்தார். வண்டியின் மூக்கு தெரியத்தான் செய்தது. இருந்தாலும் மனம் ஆறவில்லை. பக்கத்து வீட்டு எல்சா தன் சர்ச் வழியாக விசாரித்து, ஆள் நல்லவர்தான், பாடகர் குழுவில் பாடுகிறவர் என்று சொன்னார். பாடுகிறவர்கள் திருடமாட்டார்களா என்று தங்கமணி திருப்பிக் கேட்டார். துருப்பிடித்த வண்டிக்கு ஒருவர் இவ்வளவு தூரம் வருகிறார் என்றால் வண்டிக்குள் ஏதோ இருக்க வேண்டும், இல்லையென்றால் இடத்தின் மேல் யாருக்கோ கண் இருக்க வேண்டும்.

கடைசியில் நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். சனிக்கிழமை பகலில் மட்டும் வரவேண்டும். கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் சாக்கின் மேல் வைத்துக் காட்ட வேண்டும். தான் பார்க்காமல் ஒரு திருகாணிகூட வெளியே போகக்கூடாது. பிராங்ளின் சிரிக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதுவும் தங்கமணிக்குச் சந்தேகமாகவே இருந்தது.

சனிக்கிழமைகளில் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வை சுற்றிக்கொண்டு அவர் உட்காருவார். பிராங்ளின் தரையில் படுத்து வேலை செய்வார். இறுகிப்போன போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, அடுத்த வாரம் வந்து தட்டிப் பார்ப்பார். அதற்கும் மசியாததைச் சூடுகாட்டித் திருப்புவார். கதவுக் கைப்பிடிகள், கண்ணாடி ஏற்றி இறக்கும் பல்சக்கரங்கள், முகப்பிலிருந்த ஸ்பீடோமீட்டர், பின் அச்சு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சீட்டுக்கு அடியில் எலிக்கூடு ஒன்று வந்தபோது, தங்கமணி அதையும் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

பின் சீட்டைக் காணோமே என்று பிராங்ளின் கேட்டார். எலி கடித்துவிட்டது என்று கணவர் எரித்துவிட்டதாகத் தங்கமணி சொன்னார். முன் சீட்டைத்தானே எலி கடித்திருக்கிறது என்றார் பிராங்ளின், சும்மா பேச்சுவாக்கில். அந்தச் சொல் தங்கமணிக்குள் தங்கிவிட்டது.

அடுத்து என்ஜின். பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டிருந்தார் பிராங்ளின். அந்தச் சனிக்கிழமை முன்பக்கம் என்ஜின் சுற்றும் கைப்பிடியைச் செருகி, உடம்பு முழுவதையும் கொடுத்துத் திருப்பினார். முதலில் முனகியது. பிறகு மெதுவாகச் சுற்றியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இன்னும் சில சுற்று சுற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, இந்த என்ஜின் கெட்டே போகலைங்க. சும்மா நின்னதுல பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். நல்லா ஓடிட்டிருந்த வண்டியைக் கொண்டாந்து நிறுத்திருக்காங்க."

தங்கமணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். என்ஜின் போய்விட்டது என்றுதானே கணவர் சொன்னார். வாழ்ந்த காலம் முழுக்கப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று ஊரே சொன்ன மனிதர்.

அன்று மதியம் பிராங்ளின் முன்பக்க இடது மட்கார்டைக் கழற்றினார். உள்பக்கத்தைப் பார்த்ததும் அவர் கை நின்றது. தகடு உள்ளே போயிருந்ததை யாரோ சுத்தியலால் வெளியே தட்டியிருக்கிறார்கள். தட்டிய குழிகள் அம்மைத் தழும்பு மாதிரி தெரிந்தன. வெளிப்பக்கம் பட்டி பூசி, நிறம் சரியாகச் சேராத பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. விளக்குக்குப் பின்னாலிருந்த இரும்புச் சட்டமும் வளைந்திருந்தது. வேலை தெரிந்த டிங்கர் செய்தது இல்லை என்று பிராங்ளின் மெதுவாகச் சொன்னார். பிறகு செல்போனில் அதைப் படமெடுத்தார்.

"எதுக்குப் படம் எடுக்கறீங்க?"

"எந்த பாகம் எங்க இருந்துச்சுன்னு எல்லாத்தையும்தானுங்க எடுக்கறேன்."

"உங்களை யாரு அனுப்பிச்சாங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல."

யாரும் அனுப்பவில்லை என்று பிராங்ளின் எவ்வளவோ சொன்னார். தங்கமணி கேட்கவில்லை. அன்றைக்கு அவரை அனுப்பிவிட்டு, கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார்.

அதற்குப் பிறகு பல நாள் அவருக்கு வேலை ஓடவில்லை. வண்டி நின்ற அந்த மழைக்காலத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அப்போது அவர் ஊரிலேயே இல்லை. தாரிணியைக் கூட்டிக்கொண்டு அன்னூருக்கு, தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வண்டி தார்ப்பாய்க்குள் இருந்தது, பின் சீட்டு எரிந்து சாம்பலாகியிருந்தது. அதே மழையில்தான் தோட்டத்துத் தொழிலாளி காளிமுத்து ரோட்டில் அடிபட்டு இறந்தான். லாரி ஏதோ அடித்துவிட்டுப் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

காளிமுத்துவின் மனைவி பேச்சி, சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். கணவன் செத்த சில மாதத்தில் ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வாங்கிக் கொடுத்தது சுப்பண்ணன். தீபாவளிக்குக் கம்பளி போகும், பேச்சியின் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் போகும். இதைக் கண்டுபிடித்த தங்கமணி அன்று ஒரே ஒரு முடிவுக்குத்தான் வந்தார். ஃபேக்டரி கேட்டில், ஷிப்ட் விடும் நேரத்தில், எல்லோர் முன்னாலும் பேச்சியை நிறுத்தி வைத்துக் கேட்கக்கூடாத கேள்விகளைக் கேட்டார். பேச்சி தலை குனிந்து நின்றார், பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே சாட்சி என்று தங்கமணி எடுத்துக்கொண்டார். கணவரோடு நெடுங்காலம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்.

இப்போது அந்தச் சந்தேகத்தின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. தாரிணிக்குப் போன் செய்தபோது, செத்துப்போனவரை இனித் தோண்ட வேண்டாம் என்று அவள் சொன்னாள். தங்கமணியால் முடியவில்லை. ஒரு காலையில் கொழுந்துக்குப் போகாமல் பேச்சி குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு நடந்தார்.

பேச்சி வாசலில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது. வந்தவர் யார் என்று குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். உள்ளே கூப்பிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தங்கமணி உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும் என்று நினைத்து வந்தவர், நின்றபடியே நேராகக் கேட்டுவிட்டார்.

"பேச்சி, உம்புருசனை அடிச்சது எங்கூட்டு வண்டியா?"

பேச்சி கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆமாங்கம்மா" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். சாயங்காலம், கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. காளிமுத்து நிதானத்தில் இல்லை, நடுரோட்டில் நடந்து வந்திருக்கிறார். இடித்ததும் சுப்பண்ணன் இறங்கி, தூக்கிப் பின் சீட்டில் படுக்கவைத்துக் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ரோட்டில் கிடந்தார், எடுத்து வந்தேன் என்று மட்டும் ஆஸ்பத்திரியில் சொல்லி, தன் பெயரைச் சொல்லாமல் வந்துவிட்டார். கருமாதி முடிந்த மறுநாள் பேச்சியிடம் வந்து உண்மையைச் சொல்லி, ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று அழுதார். போகவேண்டாம் என்று தடுத்தது பேச்சிதான். நீங்கள் ஜெயிலுக்குப் போனால் என் பிள்ளைக்குச் சோறு வருமா, ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டார்.

தங்கமணி அப்போதும் நம்பவில்லை. நிதானத்தில் இல்லை என்பதை யார் பார்த்தது, இதெல்லாம் அவர் சொன்ன கதைதானே என்று கேட்டார்.

"அவுக சொன்னதுதாங்கம்மா. நானும் எத்தனையோ நாள் யோசிச்சுப் பாத்துட்டேன். எம்புருசன் குடிப்பாரு, அது எனக்குத் தெரியும். மத்ததை நம்பினேன். நம்பாம நான் என்ன செய்ய?"

"கேட்டுல வெச்சு உன்னை அந்தப் பேச்சு பேசினேனே. அப்பவாச்சும் வாயைத் தொறந்திருக்கலாமில்ல?"

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். அன்னைக்கு ராவே ஐயாகிட்டக் கேட்டேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லிருவோம்னு. வேணாம், அவ அப்படியே நெனச்சுக்கட்டும்னுட்டாக. இதைச் சொன்னா அவ நம்பமாட்டா, வேணும்னே அடிச்சேன்னுகூடக் கேப்பான்னு சொன்னாக."

தங்கமணி அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்படிக் கேட்டிருப்பேனா என்று யோசித்தார். கேட்டிருப்பேன் என்றுதான் தோன்றியது. சற்றுமுன் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். அவர் அழுதார் என்று பேச்சி பின்னாளில் எல்சாவிடம் சொன்னதாகத் தெரிகிறது. தங்கமணி அதை ஒப்புக்கொள்வதில்லை, அடுப்புப் புகை என்கிறார்.

கிளம்பும்போது, வண்டியைப் பாகம் பாகமாக ஒரு வாத்தியார் கேட்கிறார், பாதி எடுத்தாகிவிட்டது, கொடுக்கலாமா வேண்டாமா என்று பேச்சியிடம் கேட்டார். யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லாதவர். பேச்சி வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். இருவரும் நடந்தே வந்தார்கள். சக்கரமும் கதவும் இல்லாமல் கூடாக நின்ற வண்டியைப் பேச்சி ஒரு சுற்றுச் சுற்றினார். பின் சீட்டு இருந்த இடத்தில் முளைத்திருந்த பெரணியை விலக்கிவிட்டு, துரு ஏறிய தகட்டில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"எடுத்துட்டுப் போகட்டும்மா. இரும்பு என்ன செஞ்சுது?"

அடுத்த சனிக்கிழமை பிராங்ளினைத் தங்கமணியே போன் செய்து கூப்பிட்டார். நடந்ததைச் சொல்லவில்லை, படத்தை மட்டும் அழிக்கச் சொன்னார். அவர் கண்ணெதிரிலேயே அழித்தார். கியர்பாக்ஸும் ஸ்டியரிங்கும் முன்பக்கக் கிராதியும் என்ஜினும் போயின. இடது மட்கார்டைத் தங்கமணி கொடுக்கவில்லை. மிச்சக் கூட்டை இரும்புக்காரர் வெட்டி எடுத்துப் போனார். பிராங்ளின் கொடுத்த மொத்தத் தொகையும் பேச்சிக்குத்தான் போனது. பேச்சி முதலில் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். இதில் வேறு ஏதாவது உள்நோக்கம் இருக்கிறதா என்று இந்த முறை சந்தேகப்பட்டவர் பேச்சி.

கோடை முடியும் தறுவாயில் பிராங்ளினின் மாரிஸ் ஓடத் தொடங்கிவிட்டது. காட்டுவதற்காகக் கட்டபெட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அன்று பேச்சியின் கண்ணைக் காட்டக் கோத்தகிரி போக வேண்டியிருந்ததால், தங்கமணியும் பேச்சியும் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று பிராங்ளின் பின் கதவைத் திறந்தார். என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிரேக் சரியாக இருக்கிறதா என்று தங்கமணி கேட்டார். பிறகு பேச்சியைப் பார்த்தார். பேச்சி திறந்த கதவையும் உள்ளே புதிதாகத் தைத்த சீட்டையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நீங்க போங்க தம்பி, பஸ்ஸு வந்துரும்" என்றார் தங்கமணி.

பஸ் வர நேரமானது. மழை தூறத் தொடங்கவே, தங்கமணி குடையை விரித்துப் பேச்சியின் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.