பூனாகலைக்கு ஒரு பாட்டைக் கொண்டுபோனேன்

தவக்காலத்து இரண்டாம் சனிக்கிழமை ஸ்பிரிங்வெளியிலிருந்து பூனாகலைக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் தோட்டத்துக் கோயிலில் உபதேசியாராக இருந்த சவரிமுத்து, அங்கே மகள் வீட்டில் சாகக் கிடந்தார். அவர் கட்டிய நன்மைப் பாட்டை நான் வந்து பாட வேண்டுமாம். மகள் போன் பண்ணினாள். பூசையில் அப்பம் வாங்கும்போது பாடுவது அது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருக்குப் பாடும் குரலும் போய்விட்டது. நான்கு சரணமும் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

என் மகள் செல்விதான் அதை எடுத்துக் கொடுத்துப் பாடுவாள். பத்தொன்பது வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். அன்று சவரிமுத்து கோயில் கதவைப் பூட்டிவிட்டு, "இந்தச் சாவுக்கெல்லாம் பாட்டு கெடையாது" என்றார். பெட்டி பாட்டில்லாமல் போனது. இருபத்தாறு வருடமாக ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். நன்மை மட்டும் வாங்கியதில்லை. வன்மத்தை வைத்துக்கொண்டு ஆண்டவரை நாக்கில் வாங்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே சவரிமுத்துதான். பசி இருக்கிறது, எழுந்து போக முடியவில்லை.

பதுளைக்குக் காலை 5.40 பஸ். 6.50க்கு அங்கிருந்து பண்டாரவளை, முப்பது கிலோமீட்டர், நூற்று நாற்பது ரூபாய். 9.15க்குப் பூனாகலை பஸ். ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள், வளைவுகளில் கீழே பள்ளம்தான் தெரியும். 10.40க்கு இறங்கினேன். மேலே மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, ஐந்நூறு ரூபாய். மண் சரிந்த இடத்தில் பாதி ரோட்டைக் காணோம்.

"சறுக்குனா நேரா மோட்சந்தான் பாட்டி" என்றான் டிரைவர்.

"நீ முன்னால போயி எடம் புடி. நா மெதுவா வர்றேன்."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. பலகைக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "குடிங்க அத்தை. மூணு நாளா அப்பா வாசலயே பாத்துக்கிட்டிருக்காரு." நான் தொடவில்லை.

"அன்னைக்குக் கதவப் பூட்டச் சொன்னது பங்குச் சாமியாரா?" என்று அவரிடம் கேட்டேன்.

"சாமி... பாடத்தான் சொன்னாரு." மூச்சு இழுத்தது. "நாந்தா பயந்துட்டேன் தங்கச்சி. நம்ம சனம் பேசுமேன்னு."

இத்தனை வருடம் செத்துப்போன ஒரு சாமியாரையும் சேர்த்துச் சபித்திருக்கிறேன்.

"அப்ப மொதல்ல எம் புள்ளைக்கு நீங்க பாடுங்க."

"அவரால முடியாது அத்தை" என்றாள் மகள்.

"முடிஞ்சப்பவும் பாடல."

பாடினார். 'உம் அடியோசை கேளாமல் உறங்கேன், நேசரே' என்பது முதல் அடி. காற்றுதான் வந்தது. பாதியில் இருமல் பிடித்தது. செல்வி பேரைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். பிறகு மிச்சத்தை நான் எடுத்தேன், அவள் எடுக்கிற அதே சுருதியில். மூன்றாம் சரணத்தில் ஆத்துமா நேசரைத் தேடி மலை மலையாக ஏறிக் கூப்பிடும், பதில் வராது. அந்த இடத்தில் என் குரல் உடையவில்லை. அவர்தான் அழுதார்.

"மன்னிச்சிட்டியா தங்கச்சி?"

அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவு ஒன்றுகூட வாயில் வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. "இன்னும் இல்ல" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை செத்துப்போனார்.

போகிறவர்களுக்கு: பிற்பகல் 1.30 பஸ்ஸை விட்டால் பதுளைக்கு வர இருட்டிவிடும். வெயில் அடித்தாலும் கம்பளிச் சட்டை எடுங்கள். இந்த மாதிரி காரியமாகப் போகிறவர்கள், அந்த ஆளுக்குப் பேச்சு இருக்கும்போதே போங்கள். உங்கள் பதிலையும் யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

போன ஞாயிறு நன்மை நேரத்தில் எழுந்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர்தான். "இன்னும் இல்ல" என்று நான் சொன்னது எனக்கே கேட்டது. விலகி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்றைக்காவது மனசு இறங்கினாலும், அதைக் கேட்க வேண்டிய ஆள் பூனாகலையில் மண்ணுக்குள் இருக்கிறார்.