பத்தாம் கிழமைக் கழுத்து

உறுதிப்பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைக் கொன்ஸ்ரன்ஸ் வலக்கையால் மட்டும் தட்டச்சு செய்கிறாள். இடக்கையின் சுட்டுவிரல் தாடையில் இருக்கிறது. அதை எடுத்தால் தலை தன்பாட்டில் இடத்தோளுக்குத் திரும்பிவிடும். பிடித்துத் தள்ள வேண்டியதில்லை, தொட்டாலே போதும், நேருக்கு வரும். ஏன் என்று டொக்டருக்கும் சரியாகத் தெரியாது.

"ஒத்தக் கை தொடங்கிட்டு. அப்ப பத்தாம் கிழம," என்பாள் அடுத்த மேசை நளீபா. வழக்கறிஞரான புதுக்கடைப் பிரக்கிராசியின் அந்தக் கந்தோரில் எல்லோருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுத்தில் நாலைந்து இடத்தில் ஊசி. இழுக்கிற தசை தளர்ந்து தலை நேராக நிற்கும். பத்தாம் கிழமையில் மருந்தின் பிடி விடத் தொடங்கும்.

"பழுதாப்போன, ரின்னில அடைச்ச மீனில ஊறுற விஷமாம். அதில துளியிலும் துளி குத்தினம். நான் செத்தா டொக்டரைப் பிழை சொல்லாதேங்கோ, ரின்மீனைச் சொல்லுங்கோ," என்பாள் கொன்ஸ்ரன்ஸ்.

கொட்டாஞ்சேனைக் கிறிஸ்தவக் கோவிலின் முன்வரிசையில் வலப்பக்கக் கடைசி வாங்குப் பலகை அவளுடையது. அங்கே இருந்தால் திரும்பிய தலை பீடத்தைப் பார்க்கும். ஊசி போட்ட கிழமைகளில் நடுவில் வந்து இருப்பாள். "ஆண்டவரை நேருக்கு நேர் பாக்கக் கொஞ்சம் வெக்கமாத்தான் கிடக்கு."

இந்த முறை வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய மருந்து பிந்தியது. பதின்மூன்றாம் கிழமை, வீட்டுக்குப் போகும் வழிச் சோதனைச் சாவடியில், "அத் தெக்க உஸ்ஸன்ன," என்று சிங்களத்தில் சொன்னாள் ஆமிப் பெண். கொன்ஸ்ரன்ஸ் கைகள் இரண்டையும் உயர்த்தினாள். தலை பக்கத்து ஒழுங்கைக்குத் திரும்பியது. "மெஹே பலன்ன." இங்கே பார் என்ற அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படியத் தாடையைத் தொட வேண்டும். கை இறங்கியதும் துவக்கு உயர்ந்தது. ஒழுங்கைக்குள் யாருக்கோ சைகை காட்டினாளாம் என்று மறித்துவைத்தார்கள். பிரக்கிராசி முச்சக்கர வண்டியில் வந்து கதைத்து எடுக்கும்வரை, மூன்று மணித்தியாலம் மணல் மூட்டையருகே இருந்தாள்.

"கையை இறக்கினாச் சுடுவினம். இறக்காட்டி மூஞ்சையக் காட்டேலாது. இதில என்ர பிழை எது, சொல்லு பாப்பம்," என்று நளீபாவிடம் தொலைபேசியில் கேட்டாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. வேறு பாதையும் இல்லை. "இந்த மாசம் முடியுமட்டும் பாப்பம். பிறகு வேற ஆள்தான்," என்றார் பிரக்கிராசி.

மாதம் முடிய இரண்டு கிழமை இருக்கையில் மருந்து வந்தது. ஊசி தொண்டைத் தசையையும் தளர்த்த, முதல் கிழமை சோறு விழுங்கக் கஷ்டப்பட்டாள், கஞ்சியில் நாளை ஓட்டினாள். பத்தாம் நாள் கண்ணாடி முன் கைகளை உயர்த்திப் பார்த்துவிட்டுக் கந்தோருக்குப் புறப்பட்டாள்.

சாவடியில் அதே பெண். கொன்ஸ்ரன்ஸ் கைகளை உயர்த்தினாள். தலை அசையவில்லை. அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த ஆமிப் பெண், "ஹரி, யன்ன," என்று போகச் சொல்லி அட்டையை நீட்டினாள்.

கொன்ஸ்ரன்ஸ் உடனே வாங்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்க, அந்தப் பெண்ணின் கண்ணையே பார்த்தபடி, கைகளை இன்னும் சற்று மேலே உயர்த்தினாள்.