நாலு டீயும் ஒரு மரக் கப்பும்

போன திங்கட்கிழமை ஒரே பகலில் நாலு டீ போட்டேன். நாலும் ஆடை கட்டி, ஆறி, கடைசியில் சமையலறைத் தொட்டிக்குப் போயின. ஒரு வாய்கூட யாரும் குடிக்கவில்லை.

டீ நன்றாகத்தான் இருந்தது. நான் போட்ட டீ என்பதால் சொல்லவில்லை... சரி, கொஞ்சம் அதனாலும்தான்.

கேட்டது என் மனைவி பிலோமினா. ஒரு மரக் கப்பை என் பக்கம் தள்ளிக் கேட்டாள். ஓடிப்போய் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்றால் எதற்குக் கேட்க வேண்டும்? அதுவும் நாலு தடவை?

இங்கே உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாலைந்து மாதமாக இந்தப் பத்தியில் பிலோமி வரவேயில்லையே என்று பலர் கேட்டீர்கள். ‘அண்ணி உங்களைத் திட்டாத பத்தி உப்பில்லாத குழம்பு மாதிரி இருக்குது’ என்று பெண்ணாடத்திலிருந்து ஒருவர் கார்டு போட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. எழுத வரவில்லை என்பதுதான் நிஜம்.

ஆடி மாதம் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் இப்போது பரவாயில்லை, பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. பேச்சு போயே போய்விட்டது. ‘ம்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஆமாம் என்றாலும் ‘ம்’, இல்லை என்றாலும் ‘ம்’. தலையாட்டலும் மாறிப்போகிறது. இல்லை என்று ஆட்ட நினைத்து ஆமாம் என்று ஆட்டிவிட்டு, அவளே தன்மேல் எரிச்சல்படுகிறாள்.

முப்பத்தேழு வருஷமாக என்னைப் பேசவிடாதவள். இப்போது வீடு முழுக்க நான் ஒருவன்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருநாள் கடலூரிலிருந்து ஒரு பெண் வருகிறார். என் மகளைவிடச் சின்னவர். அவர்தான் யோசனை சொன்னார்.

“சார், பேச்சு வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் அம்மாவுக்கு என்ன வேணுமோ அதக் காட்ட ஒரு வழி வேணும். தண்ணி, டீ, சாப்பாடு, ஃபேனு, பாத்ரூமு... இதுக்கெல்லாம் படம் செஞ்சு வைங்க. ஆனா அட்டைல வேணாம். ஒத்தைக் கையால எடுக்க வராது. கொஞ்சம் கனமா இருந்தா நல்லது.”

அதைக் கேட்டதும் என் கால் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பின்பக்க ஷெட்டுக்கு.

என் ஸ்க்ரோல் சா அங்கேதான் இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பார்வைக்குத் தையல் மிஷின் மாதிரி இருக்கும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூல் போல ஒரு ரம்பப் பிளேடு. அது நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும்; பலகையை நாம்தான் கோட்டுக்குத் தகுந்தபடி திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் பட்டென்று பிளேடு போய்விடும். செராமிக் கம்பெனியில் கப்புக்கு அச்சு செய்துகொண்டிருந்தவன் நான். ரிட்டயரான கையோடு இந்த மிஷினை என் தலையில் கட்டியவன் மங்கலம்பேட்டை ஜமால். குவைத்தில் மரப்பட்டறையில் இருந்துவிட்டு வந்து, இப்போது ஊரிலேயே பட்டறை வைத்திருக்கிறான். எனக்குத் தம்பி முறை மாதிரி.

ரெண்டு வருஷத்தில் நான் அறுத்துத் தள்ளியது சாவி மாட்டும் மீன் பதினொன்று, மயில் ஆறு, மாதா படத்துக்கு ஒரு சட்டம். யார் புது வீடு கட்டினாலும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மீன் போகும். “வேணாம்னு சொல்லத் தெரியாதவங்க வூடாப் பாத்துக் குடுக்குறீங்க” என்பாள் பிலோமி. ஆனால் காலை பதினொரு மணிக்கு ஷெட்டு வாசலில் டீயோடு வந்து நிற்பாள். ரெண்டு தடவை கூப்பிடுவாள். மூன்றாவது தடவை கூப்பிட மாட்டாள், பிளக்கைப் பிடுங்கிவிடுவாள்.

அந்த மிஷினில் அவளுக்காகப் பன்னிரண்டு துண்டு அறுத்தேன். ஜமால் கொடுத்த தேக்குத் துண்டுகள். தண்ணீர்ச் சொம்பு, சாப்பாட்டுத் தட்டு, ஃபேன், தலையணை, மாத்திரை... ஒவ்வொன்றையும் உப்புத்தாள் போட்டு விளிம்பு உறுத்தாமல் தேய்த்தேன். அவள் இடது கை அதிகம் பழகாத கை. சிராய் ஏறிவிடக் கூடாது.

டீக்கு ஒரு கப்பு. அதன் பிடிக்கு நடுவில் ஓட்டை விழ வேண்டுமே, அதுதான் பெரும்பாடு. முதலில் டிரில்லால் ஒரு சின்னத் துளை. பிளேடைக் கழற்றி, அந்தத் துளை வழியாக நுழைத்து, மறுபடி மாட்டி, உள்ளுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். மூன்று பிளேடு போனது. பிடியில்லாமல் அறுத்துவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் ஆயுசெல்லாம் கப்போடு கிடந்தவனுக்கு அது எப்படி மனசு வரும்?

துண்டுகளை அடுக்கி வைக்கக் குழி குழியாக ஒரு மரத்தட்டு வேண்டும் என்று ஜமாலுக்கு போனில் அளவு சொன்னேன். ஒவ்வொன்றும் ரெண்டரை இஞ்சு. சொன்னபடி செய்துகொண்டு வந்தான். ஒரு துண்டு உள்ளே இறங்க வேண்டுமே! ஒன்றுகூட இறங்கவில்லை. எல்லாம் குழியைவிடப் பெரிது.

ஜமால் மேஜையில் கிடந்த என் ஸ்கேலை எடுத்தான். தன் டேப்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தான். என்னையும் பார்த்தான்.

“அண்ணே, இது எந்த ஊரு இஞ்சு?”

எனக்குப் புரிந்துவிட்டது. அது கம்பெனி ஸ்கேல். பச்சை மண்ணில் செய்த கப்பு சூளையில் வெந்து வெளியே வரும்போது சுருங்கிவிடும். அதனால் அச்சு செய்கிறவர்களுக்கென்று தனி ஸ்கேல் உண்டு. அதில் ஒவ்வொரு இஞ்சும் நிஜ இஞ்சைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்சு, கூடுதலாக இருக்கும். ரிட்டயராகும்போது ஞாபகத்துக்கு ஒன்றை எடுத்து வந்திருந்தேன். மீனும் மயிலும் காகிதப் படத்தை ஒட்டி அறுத்தவை, மாதா சட்டம் படத்தையே பலகையில் வைத்துக் கோடு போட்டது; எதற்கும் ஸ்கேல் தேவைப்படவில்லை. முதன்முதலாக நானே அளந்து வரைந்தது பிலோமிக்காகத்தான். கை தன்பாட்டுக்கு அந்த ஸ்கேலை எடுத்துவிட்டது.

“தேக்க சூளையில போட்டு எடுக்கலாம்னு இருந்தீங்களா?” என்று சிரித்துவிட்டு, “வேற தட்டு செஞ்சுட்டு வரேண்ணே, ஒரு வாரம் ஆவும்” என்று எழுந்து போனான் ஜமால். அதுவரை துண்டுகளை அவள் நாற்காலிக்கு முன்னால் இருந்த சின்ன மேஜையில் சும்மா பரப்பி வைத்தேன்.

ரெண்டு நாள் அவள் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில்தான் கப்பை என் பக்கம் தள்ளினாள். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. பிலோமி என்னிடம் ஒன்று கேட்டுவிட்டாள்! அடுப்படிக்கு ஓடினேன். அந்த நாலு டீக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். மதியம் அவளுக்குச் சாதம் ஊட்டிவிட்டு, வாய் துடைத்துவிட்டு எழுந்தேன். சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். இப்போதுதானே சாப்பிட்டாள்? மறுபடி கொஞ்சம் பிசைந்து கொண்டுவந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணில் கோபம்.

பயிற்சிப் பெண்ணுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“சில பேருக்கு படத்துக்கும் பொருளுக்கும் இருக்குற தொடர்பு விட்டுப்போயிரும் சார். கப்பக் காட்டுவாங்க, ஆனா அது டீன்னு மனசுல இருக்காது. இப்பவே எதுவும் சொல்ல முடியாது. ரெண்டு வாரம் பாப்போம்.”

போனை வைத்துவிட்டு ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். மிஷினைப் போடவில்லை. பேச்சு போனதைக்கூட நான் எப்படியோ தாங்கிக்கொண்டேன். உள்ளே அவள் முழுசாக இருக்கிறாள், கதவு மட்டும்தான் சாத்தியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கப்பு கப்பு இல்லை என்றால்... நான் யார் என்று அவளுக்குத் தெரியுமா? தினமும் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த ஆள் யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்? எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பயம் பட்டதில்லை.

வியாழக்கிழமை காலை ஜமால் வந்தான். கையில் பேப்பரில் சுற்றிய புதுத் தட்டு. இந்தத் தடவை என் துண்டுகளையே அளந்து போய்ச் செய்திருந்தான். அவளுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எப்படி இருக்கீங்க அண்ணி?” என்றான்.

பிலோமி அவனைப் பார்த்தாள். இடது கையை நீட்டினாள். மரக் கப்பை எடுத்து, மெதுவாக மேஜைமேல் நகர்த்தி, அவன் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. வந்தவனிடமும் ஆரம்பித்துவிட்டாளே என்று, “அது வந்து ஜமாலு...” என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

ஜமாலுக்கு என் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

“வேணாங்க அண்ணி. இப்பதான் பஸ் ஸ்டாண்டுல குடிச்சிட்டு வந்தேன்.”

“ம்” என்றாள் பிலோமி. கப்பை இன்னும் ஒரு விரக்கடை அவன் பக்கம் தள்ளினாள்.

“சரி, விடமாட்டீங்களே. அரை டம்ளர் போதும்.”

பிலோமி என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு டீ போடாமல் மரம் மாதிரி நிற்கிறீங்களே என்கிற பார்வை.

நான் அடுப்படிக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் கண்ணைத் துடைத்தேன்.

அவள் ஒரு தடவைகூட டீ கேட்கவில்லை. டீ குடிச்சீங்களா என்று கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமை காலை அவள் கப்பைத் தள்ளியபோது மணி பதினொன்று. நான் ஷெட்டிலிருந்து தலையெல்லாம் தூளோடு உள்ளே வந்த நேரம். செவ்வாய்க்கிழமை தட்டைத் தள்ளியது, அவளுக்கு ஊட்டிவிட்டு நான் சாப்பிடாமல் எழுந்ததற்கு. ஆடியிலிருந்து நான் பாதி நாள் சாப்பிடுவதில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று டீ கொண்டுவந்தேன். ஜமால் குடித்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்க நானும் குடித்தேன். அதற்கப்புறம் தன் டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டு, சொட்டு விடாமல் அவளும் குடித்தாள்.

முடியாமல் கிடக்கிறவர்களிடம் நாம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறோம். உனக்கு என்ன வேணும்? தண்ணி வேணுமா, ஃபேன் போடவா? அவர்களுக்கு நம்மிடம் கேட்க ஏதாவது இருக்கும் என்று தோன்றுவதேயில்லை. நான் அறுத்த பன்னிரண்டும் அவள் வாங்கிக்கொள்ள வேண்டிய சாமான்கள். அவளோ பிறத்தியாருக்குக் கொடுத்தே பழகியவள். கையில் கிடைத்ததை வைத்து அதையே செய்துவிட்டாள்.

இன்னொன்றும் நினைத்துப் பார்க்கிறேன். முதல் தட்டே சரியான அளவில் இருந்திருந்தால்? கப்பு அதன் குழியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அவள் தொட்டுக் காட்டியிருப்பாள், நான் டீ போட்டுக்கொண்டே இருந்திருப்பேன். குழியில் அடங்காமல் மேஜையில் சும்மா கிடந்ததால்தான் அவளால் அதை ஜமால் பக்கம் நகர்த்த முடிந்தது. புதுத் தட்டில் இப்போது சாவியும் சில்லறையும் கிடக்கின்றன. ஜமால் கோபித்துக்கொள்ளவில்லை.

இந்த வாரம் நாலு துண்டு புதிதாக அறுத்தேன், பழைய ஸ்கேலை வைத்தே. மகளுக்குப் பேசியாச்சா என்று கேட்க ஒரு போன். தலை வாராமல் வெளியே கிளம்பாதீங்க என்பதற்கு ஒரு சீப்பு. ஒரு குடை. அப்புறம், மூன்று கம்பி வைத்த ஒரு பிளக். அதைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒருபக்கம் கோணிய சிரிப்புத்தான். ஆனால் சத்தமாகச் சிரித்தாள்.

அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி ரெண்டரை. சாப்பாட்டுத் தட்டு ஏற்கெனவே ரெண்டு தடவை என் பக்கம் வந்துவிட்டது, ‘இதோ, முடிச்சிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். இன்னும் ரெண்டு பாரா எழுத இருந்தது... பிளக் வந்து பேப்பர்மேல் உட்கார்ந்துவிட்டது.