திராட்சைத் தோட்டத்தில் ஒரு புரட்டாசிச் சனி

2009ஆம் ஆண்டு புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை, நானும் மனைவியும் இங்கிலாந்தின் கென்ட் கிராமப்புறத்தில் திராட்சைத் தோட்டத்தின் நடுவே இருந்த ஆடம்பர ஹோட்டல் ஒன்றுக்குப் போனோம். மகள் தன் முதல் சம்பளத்தில் எடுத்துத் தந்த அறை. "ரெண்டு பேரும் போய் ஒரு நாளெண்டாலும் நித்திரை கொண்டு எழும்பி வாங்கோ" என்றாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் எவருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. மனைவியின் தம்பி, யுத்தம் முடிந்த வைகாசி முதல் வவுனியாவில் அகதி முகாமில், முட்கம்பிக்குள் இருந்தான். யாருடையதோ கைத்தொலைபேசியில் எப்போதாவது பேசுவான்.

நாள் குறித்தபோது புரட்டாசிச் சனி மகளின் நினைவில் இல்லை. எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் எனக்கும் அது தப்பிவிட்டது. தம்பி வெளியே வரவேண்டுமென்று மனைவி அந்த மாதத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் சனீஸ்வரனுக்கு விரதம் பிடித்தாள். கோயிலில் எள்ளு முடிச்சிட்டு எள்ளெண்ணெய் எரித்து, வீட்டில் சமைத்து, முதற்பிடிச் சோற்றை அவர் வாகனமான காகத்துக்கு வைப்பாள். காகம் கொத்திய பிறகுதான் அன்றைய ஒரே சாப்பாடு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் இது சிரமமில்லை. பின்வளவுக் கொட்டில் கூரையில், அவள் கூப்பிட முன்னமே காகம் வந்து நிற்கும்.

அன்று கோயிலுக்குப் போய்விட்டு, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். காகம் இல்லாத இடமும் இருக்குமென்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு நீரிழிவு. பசி நீண்டால் கை நடுங்கும். என் கவலை அதுதான்.

அறை எங்கள் வீட்டின் கீழ்த்தளம் அளவு இருந்தது. யன்னலுக்கு வெளியே, வாரிவிட்ட தலைமயிர்போல் கொடிவரிசைகள். மனைவி கட்டிலைத் திரும்பியும் பார்க்காமல் முற்றத்து மதிலில் சோற்றை வைத்தாள். தோட்டத்துக்குள் ஏதோ பெரிதாக வெடித்தது. அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் வெடித்தது.

வரவேற்பு மேசைப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். பழம் பறித்து முடியும்வரை பறவை விரட்டும் வெடி பகல் முழுவதும் கேட்கும், மன்னிக்க வேண்டும் என்றாள். ஒரு காகம்கூட இந்தப் பக்கம் தலை காட்டாது என்று பெருமையோடு உறுதியும் தந்தாள்.

திரும்பி வந்தபோது மதிலில் கறுப்பும் வெள்ளையுமாக, நீள வாலோடு மெக்பை என்ற பறவை ஒன்று சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

"இதுவும் காகக் குடும்பம்தான். நீர் இனிச் சாப்பிடலாம்" என்றேன்.

"சனீஸ்வரனுக்கு உங்கட குடும்ப விளக்கமெல்லாம் தெரியுமோ?"

"கை நடுங்குது, பாரும்."

"நடுங்கட்டும். அவன் அங்கை வரிசையில நிண்டு சோறு வாங்கிறான்."

காகம் தேடிப் போக, சாப்பாட்டுப் பெட்டியோடு அவளைக் காரில் ஏற்றினேன். பக்கத்துத் தோட்டத்திலும் வெடிச் சத்தம் கேட்டது. அதற்கடுத்த பழத்தோட்டத்தை வலை போட்டு மூடியிருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கையில் சாய்ந்திருந்தாள். நான் வீதியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து ஓட்டினேன்.

கடைசியில் பெருந்தெரு ஓரத்துப் பெட்ரோல் நிலையத்தில், லொறிகள் நிற்குமிடத்துக் குப்பைத்தொட்டியடியில் காகங்களைக் கண்டோம். யாரோ கொட்டிய சிப்ஸுக்கு அடிபட்டுக்கொண்டிருந்தன. அவள் பக்கத்துச் சீமெந்துக் குந்தில் சோற்றை வைத்து விலகி நின்றாள். ஒரு காகம் தலையைச் சரித்துப் பார்த்தது, தாவி வந்தது, கொத்தியது.

"சிப்ஸை விட்டிட்டு வந்தது, பாத்தனீங்களோ?"

"பாத்தனான். இனியெண்டாலும் நீர் சாப்பிடும்."

காருக்குள்ளிருந்து கையால் சாப்பிட்டாள். நான் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை நடுக்கம் நின்றது. எனக்கும் ஒரு வாய் குழைத்துத் தந்தாள். மகளின் காசில் போன அந்தப் பயணத்தில் நாங்கள் இருந்து சாப்பிட்டது அந்த லொறித் தரிப்பிடத்தில்தான்.

திரும்பி வந்ததும் ஹோட்டலில் இரவு விருந்தும் வைன் சுவைப்பும் இருப்பதாக ஞாபகப்படுத்தினார்கள். களைப்பாக இருக்கிறது என்று சொன்னேன். பொய்யில்லை. இருட்டியதும் வெடி ஓய்ந்தது. அவள் அந்தப் பெரிய கட்டிலின் ஓரத்தில், தொலைபேசியைத் தலையணையடியில் வைத்தபடி தூங்கிப்போனாள்.

தொலைபேசி அன்று அடிக்கவில்லை. திங்கட்கிழமை மாலை வீட்டில் அடித்தது. தம்பி. விடுவது பற்றி இன்னும் ஒரு கதையும் இல்லையாம். அவள் வேறு பேச்சுத் தெரியாமல் காகம் தேடிய கதையைச் சொன்னாள். அவன் சிரித்தது எனக்கும் கேட்டது.

"அக்கா, இஞ்சை காகத்துக்குக் குறைவில்லை. கம்பியைத் தாண்டிப் போய்வாறது அதுகள் மட்டும்தான்."

அவளும் சிரித்தாள். இணைப்பு அறுந்தது. அவள் எழும்பிப்போய், அடுத்த சனிக்கு எள்ளு இருக்கிறதா என்று அலுமாரியைத் திறந்து பார்த்தாள்.